முடுக்கின் மேல் ஒரு பலகை

1

சித்திரை பிறந்துவிட்டது. வீரபாண்டியில் இந்நேரம் அம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். பெண்கள் ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ரங்கூனில் குடியிருக்கும் எனக்கோ சித்திரை வந்தால் கம்பத்தோடு பூகம்பமும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மாதம், விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் ஆன பொழுதில், இந்த ஊர் ஒரு குலுக்குக் குலுங்கியது.

என் மகள் கௌமாரி ரங்கூனில் பிறந்தவள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. குலுக்கல் நின்று நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றோம். பெரியவர்கள் பூகம்பம், பூகம்பம் என்று பேசிக்கொண்டதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, நம்ம ஊரு கம்பத்துக்குப் பக்கத்துலதான?”

“ஆமா, ஆத்தா.”

“அப்ப பூக்கம்பம் அதுக்கும் அங்கிட்டா? அங்கன இருந்துதான் இது வருதா?”

எங்கள் ஊர் சுருளிப்பட்டி. கம்பம் டவுனிலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஊரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ‘கம்பத்துக்குப் பக்கம்’ என்று சொல்லியே பிள்ளையை வளர்த்திருந்தோம். காலுக்குக் கீழே மண் இன்னும் அடங்கினதா இல்லையா என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தில் என் மனைவி பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் பூகம்பத்துக்குப் பெயர் பூக்கம்பம்தான்.

இப்போது கௌமாரி வளர்ந்துவிட்டாள். அவள் தமிழை நாங்கள் கேலி செய்தது போய், எங்கள் பர்மிய மொழியை அவள் கேலி செய்கிறாள். அதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது. பேச்சியம்மாள் ஊர்ப் பழக்கத்தில் “யே, புள்ள” என்று மகளைக் கூப்பிடுவாள். பர்மியில் ‘யே’ என்றால் தண்ணீர். அடுத்த வீட்டு பர்மியப் பெண்மணி, பாவம், செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். எத்தனையோ வருஷமாக இது நடக்கிறது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், ஆனாலும் கொண்டு வருகிறார். இவளும் வாங்கிக் குடிக்கிறாள்.

2

இந்தக் குறிப்பை எழுதவைத்தவன் கருப்பையா. என் மைத்துனன், பேச்சியம்மாளின் தம்பி. வீரபாண்டிக்காரன், கொத்தனார் வேலை, இங்கே எங்களோடுதான் இருக்கிறான். மாசியில் ஊருக்குப் போனவன் போன வாரம் கப்பலில் திரும்பி வந்தான்.

அவன் போகும்போது ஒரே தேசம். வரும்போது இரண்டாகியிருந்தது. பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள் என்று நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இறங்குதுறையில் ஒரு குமாஸ்தா இவனை நிறுத்தி, எந்த நாட்டுக்காரன் என்று கேட்டிருக்கிறார். இவன் “வீரபாண்டி” என்றிருக்கிறான். அவர் மறுபடியும் கேட்க, ஆளுக்கு விவரம் போதவில்லை போல என்று நினைத்து, “தேனிக்குப் பக்கம்” என்று விளக்கியிருக்கிறான். வெயிலில் நெடுநேரம் நிறுத்திவிட்டுத்தான் விட்டார்களாம்.

குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னான்.

“மச்சான், பெரிய மச்சான் ஒரு சேதி சொல்லி விட்டாக.”

பெரிய மச்சான் என்றது என் அண்ணனை. எனக்கு அவர் ஒருவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர். யாரையாவது கூப்பிட்டு எழுதச் சொன்னால் மனசில் இருப்பது மாறிப்போகும் என்று ஆள்மூலமாகத்தான் எதையும் சொல்லி அனுப்புவார்.

“ஆவணியில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காக. அதுக்குள்ள அந்த முடுக்கை அடைச்சிரப் போறாகளாம். ரெண்டு வீட்டையும் ஒட்ட வச்சு ஒண்ணாக்கிறணுமாம். ‘தம்பி மக மொதமொத ஊருக்கு வாறா. வந்தா எந்த வாசல்ல நுழைவா? பெரியப்பன் வாசல் தனி, அப்பன் வாசல் தனின்னு பாத்தா அந்தப் புள்ள என்ன நெனைக்கும்?’ன்னு கேட்டாக. கண்ணு கலங்கிருச்சு மச்சான், அவுகளுக்கு.”

பேச்சியம்மாள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அண்ணன் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. எங்கள் அப்பா செத்த அன்றுகூட மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டவர் அவர்.

“நானே வந்து அடைச்சுத் தாறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்,” என்றான் கருப்பையா.

“ஏலே, அடைக்கிறதத் தவிர உனக்கு வேற வேலையே தெரியாதா?” என்றாள் அவன் அக்காள்.

அவள் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லுமுன் எங்கள் வீட்டு முடுக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

3

எங்கள் வீடு டானா வீடு. ட எழுத்தைப் போல ஒரு கை நீளமாகப் போய், மூலையில் திரும்பி இன்னொரு கையாக நீளும். முதல் கையைக் கட்டியது தாத்தா. அது நிற்பது கடப்பாரை போட்டால் தெறிக்கிற செம்மண் தரையில். இரண்டாவது கையை அப்பா கட்டினார். அந்தப் பக்கம் பழைய வாய்க்கால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலைத் திருப்பிவிட்ட பிறகு அந்தப் பள்ளத்தில் மண் கொட்டி, மிதித்து, அதன்மேல் எழுப்பிவிட்டார்.

வருஷா வருஷம் ஐப்பசி மழை வந்தால் அந்த உள்மூலையில் ஒரு விரிசல் விடும். கூரைக்கடியில் தொடங்கித் தரை வரைக்கும் ஓடும். தைக்கு முன்னால் அப்பா சுண்ணாம்பு குழைத்துப் பூசுவார். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் வாயைப் பிளக்கும். நாங்கள் அதில் கோலிக்குண்டு ஒளித்துவைத்து விளையாடியிருக்கிறோம். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா காலமானதும் பாகம் பிரித்தோம். பழைய கை அண்ணனுக்கு, வாய்க்கால் பக்கத்துக் கை எனக்கு. அண்ணன் ஆள் வைத்து அந்த மூலையை இடித்தார். தன் பக்கம் தனியாக ஒரு சுவர் எழுப்பினார், என் பக்கமும் ஒன்று எழுப்பித் தந்தார். நடுவே ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு இடம் விட்டார். அதைத்தான் எங்கள் பக்கம் முடுக்கு என்பார்கள். ஏன் விட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மனசில் தைத்துவிட்டது. ஒரே சுவர் போதாதா? தம்பி சுவர் தன் சுவரைத் தொடக்கூடவா கூடாது?

அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. பேச்சியம்மாளுக்கு என்னைவிடக் கோபம்.

“கையை நீட்டுனா உப்பு வாங்கலாம். தெருவைச் சுத்திப் போக வச்சுட்டாக ஒங்க அண்ணன்,” என்பாள்.

மதுரையில் டிராயிங் படித்திருந்தேன். கட்டட வரைபடம் போடத் தெரிந்தவர்களுக்கு ரங்கூனில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கப்பல் ஏறினேன். ஊரைவிட்டுப் போக ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையில் அந்த முடுக்கைத் தாண்டித் தினமும் போய்வரப் பிடிக்காததும் ஒரு காரணம்.

4

பூகம்பத்துக்கு மறுநாள் என்னை வேலைக்கு வைத்திருந்த என்ஜினீயர் சென் பாபு, “வாருங்கள், ஊரைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றார். அவர் வங்காளி. நல்ல மனுஷர், கோபக்காரர், வெற்றிலை போடாவிட்டால் கணக்கு வராது. அவரோடு நடந்து பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை.

இந்த ஊரில் ஒரு முதுகுமேடு இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் மாதிரியே இறுகின சிவப்பு மண். அதன் மேலிருந்த வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். கீழே ஆற்றுப் பக்கம், ஓடைகளைத் தூர்த்து மண் கொட்டிய இடங்களில் மாடிகள் சரிந்து கிடந்தன. அதே கம்பி, அதே சிமெண்ட், பல இடங்களில் கட்டினவரும் ஒருவரே. மண் மட்டும்தான் வேறு.

ஒரு கட்டடத்தின் முன்னால் சென் பாபு நின்றுவிட்டார். அதுவும் டானாதான், புதுக் கான்கிரீட் கட்டடம். இரண்டு கைகளும் நிமிர்ந்து நின்றன. அவை சேருகிற உள்மூலை மட்டும் சட்டை அக்குளில் கிழிவது போல மேலிருந்து கீழே கிழிந்து கம்பி தெரிந்தது.

“இறுகின தரை சின்னதாக, வேகமாக ஆடும்,” என்றார். “கொட்டின மண் மெதுவாக, அகலமாக ஆடும். நீளக் கை ஒரு திசையில் விறைப்பு, குட்டைக் கை இன்னொரு திசையில் விறைப்பு. நடை ஒத்துவராத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினால் எது முறியும்?”

“நுகம்,” என்றேன்.

“அதுதான் அந்த மூலை.”

நான் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். சிறு வயதில் அதில் கோலிக்குண்டு ஒளித்திருக்கிறேன். சுருளிப்பட்டியில் பூமி ஆடவில்லை, மழையில் ஒரு பக்கம் மட்டும் மெதுவாக அமுங்கியது. ஆனால் கிழிந்த இடம் ஒன்றுதான். அண்ணன் முடுக்கு விட்ட பிறகு நான் ஊரில் இருந்த ஐப்பசிகளில் அந்த மூலை விரிசல் விடவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் யோசித்து விட்டாரா, கோபத்தில் விட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

5

அடுத்த வருஷம் எங்கள் பக்கத்துக்காரர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். கிடைத்த மனையின் தலை சிவப்பு மேட்டில் இருந்தது, கால் தூர்த்த ஓடையில் இருந்தது. வடிவம் டானாவைத் தவிர வேறு எதற்கும் இடம் கொடுக்காது. கௌமாரி படிக்கப் போகிற பள்ளிக்கூடம். சென் பாபு கணக்குப் போட்டுத் தர ஒப்புக்கொண்டார், படம் போடுவது என் வேலை.

கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் யாரோ தள்ளுவதாக வைத்துக்கொண்டு தூண்களைக் கணக்கிட்டோம். மேட்டுப் பக்கத்துக்கு அகலமான அஸ்திவாரம். ஓடைப் பக்கத்தில் தேக்கு முளைகளை ஆழமாக இறக்கி, அவற்றின் தலையைக் கான்கிரீட் உத்தரங்களால் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். கடைசியில் சென் பாபு பென்சிலை எடுத்து மூலையில் ஒரு கோடு இழுத்தார். கட்டடம் இரண்டாயிற்று. தலைமுதல் கால்வரை நாலு விரல் இடைவெளி. இரண்டு கையும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்தாலும் முட்டிக்கொள்ளாத அளவு அது.

நான் அதற்கு ‘முடுக்கு’ என்று தமிழில் எழுதிவைத்தேன். அவர் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம் என்றேன்.

சங்கத்துத் தலைவர் வடுகபட்டிக்காரர். படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

“என்ன தம்பி இது? பொறக்கும்போதே பாகம் பிரிச்ச வீடா? புள்ளைக படிக்கிற எடத்துல இது நல்லாவா இருக்கு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்று அடக்கிக்கொண்டேன். வீரபாண்டிக் கம்பத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன். “செம்மண் மேட்டில் ஒரு கம்பம் நடுங்கள், நாற்றங்கால் சேற்றில் ஒரு கம்பம் நடுங்கள். இரண்டின் தலையையும் விறைப்பாக ஒரு குச்சி வைத்துக் கட்டி, தரையை ஆட்டுங்கள். குச்சி என்ன ஆகும்?” அவர் படத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். “சரி, விடு உன் முடுக்கை” என்றார். சம்மதம் வந்தாலும் மனசு வரவில்லை என்று முகமே சொன்னது.

அதற்கப்புறம் ஆபீஸ். கட்டட அனுமதி தருகிற குமாஸ்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நடுவே வெளிச்சம் தெரிகிறதே, இது இரண்டு கட்டடம்” என்றார். இரண்டு கட்டடமென்றால் இரண்டு மனு, இரண்டு வரி, இரண்டு கதவு இலக்கம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கக்கூஸ். எங்கள் பிள்ளைகள் முதல் கட்டடத்தில் பாடம் படித்துவிட்டு இரண்டாவது கட்டடத்தில் சாப்பிட்டால் சட்டப்படி வேறு வீட்டில் சாப்பிட்டவர்கள் ஆவார்கள். நான் இங்கிலீஷில் விளக்கினேன், அவர் இங்கிலீஷில் மறுத்தார். என் பர்மிய மொழியில் முயன்றேன், பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நடையாய் நடந்து என் செருப்புத் தேய்ந்தது.

கடைசியில் அவரே மனமிரங்கி ஒரு வழி சொன்னார். “ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தரை அறாமல் ஆள் நடக்க முடிந்தால் அது ஒரே கட்டடம். அப்படிக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.”

சென் பாபு அதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். இடைவெளியின் மேல், கீழ்த்தளத்திலும் மாடியிலும் ஒவ்வொரு தேக்குப் பலகை போட்டோம். ஒரு பக்கம் மட்டும் ஆணி. மறுபக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும், கட்டடம் ஆடினால் அதன் இஷ்டத்துக்கு நகரும். கூரையிலும் மழை புகாமல் தகரத்தை மடித்து அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் அடித்தோம். படத்தில் பலகையைப் பார்த்துக் கட்ட அனுமதித்த குமாஸ்தா, கட்டி முடிந்ததும் நேரில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் போய்த் திரும்பினார். ஒரே கட்டடம் என்று எழுதிக் கொடுத்தார்.

6

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்க்கிறேன், முடுக்கைக் காணவில்லை. சுவர் வழவழவென்று ஒரே பூச்சாக இருந்தது, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. சாரத்திலிருந்து கருப்பையா கரண்டியோடு இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏலே கருப்பையா, முடுக்கு எங்க?”

“அடைச்சுட்டேன் மச்சான். செங்கல் சில்லு வச்சு, நல்ல கலவையா, உள்ள வரைக்கும் எறக்கிட்டேன். எங்கன இருந்துச்சுன்னே தெரியாது.”

“யார்ரா ஒன்ன அடைக்கச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? நம்ம கௌமாரி படிக்கப் போற எடம். அண்ணன் தம்பி பேசாம கெடக்குற வீடு மாதிரியே கெடந்துச்சு. அங்கன ஊர்ல ஒங்க வீட்டைப் பாத்து அக்கா அழுதது எனக்குத் தெரியும்ல. மனசு கேக்கல.”

அவனை நான் என்ன வைதேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் உளியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். நானும் ஏறினேன். நல்ல கலவையாகத்தான் போட்டிருந்தான், பாவி. குத்திக் குத்திக் கை கொப்பளித்தது. பேச்சியம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்து கீழே நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“பாசத்துல அடைச்சவனும் படிப்புல தொறக்குறவரும் முதல்ல கையக் கழுவிட்டு வந்து சாப்புடுங்க,” என்றாள்.

சாப்பிடும்போது கருப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுண்ணாம்பு விழுந்துவிட்டது என்றான். நான் என் இலையிலிருந்த அப்பளத்தை அவன் இலையில் வைத்தேன். எங்கள் இருவருக்கும் வேறு விதமாக மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

7

முடுக்கு வேலை செய்ததா என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு மத்தியானம் ஆபீஸில் என் மேசை மேலிருந்த மைக்கூடு தானாக நகர்ந்தது. சென் பாபு “வெளியே!” என்றார். நான் வெளியே போனேன், நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

கணக்குப் போட்டவரை எனக்குத் தெரியும், கம்பி கட்டினபோது கூட நின்றவன் நான். ஆனாலும் ஓடும்போது ஒரு கணக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று குத்தி எடுத்ததில் ஏதாவது ஒரு செங்கல் சில்லு உள்ளே தங்கிவிட்டதோ என்ற ஒரு நினைப்புத்தான் இருந்தது. ஒரு சில்லு போதும், இரண்டு கையும் அதில் முட்டிக்கொள்ளும். என் பிள்ளையின் வகுப்பு அந்த மூலைக்கு அடுத்த அறை.

பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். கௌமாரி மட்டும் வாத்தியார் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தாள். பயந்திருக்கவில்லை, அதிசயப்பட்டிருந்தாள்.

“அப்பா, பலகை நடந்துச்சுப்பா. நான் பாத்தேன். அங்கிட்டுப் போயிட்டு இங்கிட்டே திரும்பி வந்துருச்சு.”

உள்ளே போய்ப் பார்த்தேன். பலகையின் ஆணியில்லாத நுனி, தரையில் நகத்தால் கீறினது போல் ஒரு கோடு போட்டிருந்தது. மூலையில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், என்ன வெட்கம். பின்னால் வந்த கருப்பையாவும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். எல்லாம் புரிந்துகொண்டுவிட்டான் என்று நான் நினைத்தேன். போன வாரம்தான் தெரிந்தது, அவனுக்குப் புரிந்தது பள்ளிக்கூடத்தின் முடுக்கு மட்டும்தான் என்று.

8

“அது பள்ளிக்கூடம் மச்சான், பூக்கம்பத்துக்காக விட்டது. நம்ம ஊர்ல பூமி எங்க ஆடுது?” என்கிறான் இப்போது.

வாய்க்கால் மண்ணைச் சொன்னேன், பழைய விரிசலைச் சொன்னேன். ஒட்டவைத்தால் முதல் ஐப்பசியிலேயே கிழியும். ஆவணியில் கல்யாணப் பந்தலில் ஊரே பார்த்த ஒட்டு, இரண்டு மாசத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாயைப் பிளக்கும். அண்ணன் சுண்ணாம்பு குழைத்துப் பூசுவார். மறுபடி பிளக்கும். அப்பா பூசினாரே, அந்த மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்க அவர் மனசு என்ன பாடுபடும்?

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நீங்க சொல்றது வீட்டுக்குச் சரி. மனுசருக்கு? இத்தனை வருசங்கழிச்சு அவுக கையை நீட்டுறாக. நீங்க முடுக்கு இருக்கட்டும்னு சொல்லிவிட்டா, தம்பி இன்னும் கோவத்தை விடலன்னுதான் நெனைப்பாக. ஒங்க மண்ணுக் கணக்கெல்லாம் அங்கன போயிச் சேராது.”

அவள் சொன்னது சரி. அடை என்றால் வீடு கிழியும், அடைக்காதே என்றால் அண்ணன் மனசு கிழியும். ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆபீஸில் தப்புத் தப்பாக அளவு எழுதினேன். சென் பாபு இரண்டு முறை வைதார்.

முந்தாநாள் கௌமாரிக்கு எங்கள் வீட்டை ஒரு தாளில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். இது பெரியப்பா வீடு, இது நம் வீடு, நடுவே இது முடுக்கு. கன்னத்தில் பூசியிருந்த தனக்காவை விரலால் சுரண்டிக்கொண்டே பார்த்தாள். தனக்கா என்பது இங்கத்துப் பெண்கள் மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற சந்தனம் போன்ற ஒன்று. ஊருக்கு வரும்போது அதைப் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று அவள் அம்மாவும், வருவேன் என்று அவளும் ஏற்கெனவே சண்டை போட்டாகிவிட்டது.

“பலகையை வரையாம விட்டுட்டீங்கப்பா,” என்றாள்.

“எந்தப் பலகை?”

“முடுக்கு இருந்தா பலகை இருக்கும்ல? எங்க ஸ்கூல்ல இருக்கே. இல்லாட்டி பெரியப்பா வீட்டுக்கு எப்படிப் போறது?”

முடுக்கு என்றால் மேலே பலகை இருக்கும் என்று நினைத்து வளர்ந்திருக்கிறது என் பிள்ளை. எனக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது, அவளுக்கு அது ஓடித் திரிந்த இடம். பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பென்சிலை எடுத்துப் பலகையை வரைந்தேன்.

9

சுருளிப்பட்டியில் இந்தக் குறிப்பைப் பத்திரிகையில் வாசிக்கிற யாராக இருந்தாலும், அருள்கூர்ந்து எங்கள் அண்ணனிடம் போய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். காளியம்மன் கோவிலுக்குப் பின்தெரு, டானா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டின பிறகு போங்கள், அதற்கு முன்னால் போனால் காது கொடுக்க மாட்டார்.

அண்ணே, நாங்கள் ஆவணியில் வருகிறோம். என் பாகத்தை வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, கூட்டி, விளக்கு வைக்கிறீர்கள் என்று கருப்பையா சொன்னான். எனக்கு அதுவே போதும், வேறு ஒன்றும் சொல்லி அனுப்பியிருக்க வேண்டியதில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்தது, போய்விட்டது. எப்போது போயிற்று என்று நேரில் சொல்கிறேன்.

முடுக்கை மட்டும் அடைக்க வேண்டாம். உங்கள் பக்கம் இறுகின செம்மண், என் பக்கம் வாய்க்கால் மண். ஒட்டினால் கிழியும், விட்டால் இரண்டும் நிற்கும். நீங்கள் விட்டதனால்தான் இன்றுவரை நிற்கிறது. அதற்குப் பதிலாக உங்கள் சுவரில் முடுக்கைப் பார்த்து ஒரு வாசல் வையுங்கள், நேர் எதிரே என் சுவரில் ஒரு வாசல் வையுங்கள். கருப்பையா உங்களுக்குக் கொடுத்த வாக்கை இதில் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் தம்பி மகள் எந்த வாசலில் நுழைவாள் என்று கேட்டீர்களாம். உங்கள் வாசலில்தான் நுழைவாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வருவாள். தரை அறாமல் நடக்க முடிந்தால் அது ஒரே வீடு என்று இங்கே சர்க்கார் ஆபீஸிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பலகையை நான் கொண்டுவருகிறேன். பர்மாத் தேக்கு, நேற்றுத்தான் இழைத்து வாங்கினேன். இரண்டு தேசமாகிவிட்டதால் துறைமுகத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள், பதில் சொல்லிக்கொள்கிறேன். கௌமாரி அடிப்பக்கத்தில் தன் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அது யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் இருக்கட்டும். ஆணிக்குத் துளை ஒரு நுனியில் மட்டும்தான் போட்டிருக்கிறேன், அண்ணே. அது உங்கள் பக்கம்.